தொட்டில் கட்டிக் காத்திருப்போர்

2024 செப்டம்பர் 5. பெய்ஜிங்கில் வழக்கமான செய்தியாளர் சந்திப்பு. சீன வெளியுறவுத் துறையின் பேச்சாளர் மாவோ நிங் ஒரு கேள்விக்குச் சில வரிகளில் பதில் சொன்னார். சீனக் குழந்தைகள் இனி வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுக்கப்பட மாட்டார்கள்; நெருங்கிய இரத்த உறவினருக்கும், திருமணத்தின் வழியே பெற்றோராகிறவருக்கும் மட்டும் விலக்கு உண்டு. 1992 முதல் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கடந்துபோன பாதை அன்று அடைபட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போய்ச் சேர்ந்த நாடு அமெரிக்கா.

அந்த அறிவிப்பு வந்த நாளில் அமெரிக்காவில் சில நூறு குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. 'இதுதான் உங்கள் பிள்ளை' என்று 2019-இலோ 2020 தொடக்கத்திலோ அவர்களுக்குப் படமும் மருத்துவக் குறிப்பும் வந்திருந்தன. பயணத்துக்கு நாள் பார்க்கும் வேளையில் கொரோனா வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு பிறந்தநாள் கொண்டாடினார்கள். பிறகு ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்தது.

அவர்களில் பலர் தேவாலயம் செல்பவர்கள். ஞாயிறுதோறும் சபையார் கூடி, "தடைகள் நீங்கட்டும், கதவுகள் திறக்கட்டும்" என்று ஜெபித்தது இவர்களுக்காகத்தான். வெளிநாட்டுத் தத்தெடுப்பின் எழுபது ஆண்டு வரலாற்றில் மத நம்பிக்கை ஓரமாக நின்றதே இல்லை. பாதை போட்டது, பணம் சேர்த்தது, காத்திருப்பவரைத் தாங்கியது எல்லாம் அதுதான். கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்கவிடாமல் வாயடைத்ததும் சில இடங்களில் அதுதான். காத்திருக்கும் வீட்டில் நம்பிக்கை என்ன வேலை செய்கிறது, அந்தக் காத்திருப்பு யாரைக் காக்கிறது, யாரை வதைக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசுவாசம் போட்ட பாதை

ஓரிகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் என்ற தம்பதி இருந்தனர். விவசாயக் குடும்பம், ஆறு பிள்ளைகள், ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று. கொரியப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றிய படம் ஒன்றை 1954-இன் இறுதியில் பார்த்தார்கள். எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க முடிவு செய்தார்கள். அன்றைய சட்டம் ஒரு குடும்பத்துக்கு இருவருக்கு மேல் அனுமதிக்கவில்லை. 1955-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அந்த அக்டோபரில் ஹாரி கொரியாவிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளுடன் வந்து இறங்கினார். எட்டுப் பேர் அவர் வீட்டுக்கு, நால்வர் வேறு வீடுகளுக்கு.

அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய நிறுவனம் உலகின் பெரிய தத்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தொடக்க காலத்தில் விண்ணப்பித்தவர்களிடம் அவர் முதலில் பார்த்தது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களா என்பதைத்தான். சமூகப் பணியாளர்களின் நீண்ட விசாரணையை வீண் தாமதம் என்று கருதினார். கொரியாவுக்குப் போகாமலேயே பெற்றோர் சார்பில் வேறொருவர் கையெழுத்திட்டுத் தத்தெடுக்கும் முறையைப் பயன்படுத்தி, தனி விமானங்களில் குழந்தைகளை அழைத்துவந்தார். பொருத்தம் பார்க்காமல் சேர்த்த சில வீடுகளில் குழந்தைகள் துன்பப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. அந்த முறைக்கு 1961-இல் அமெரிக்கச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. காத்திருக்க வைப்பதா, வேகமாகச் சேர்ப்பதா என்ற சண்டை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே காலத்தில் அயர்லாந்திலும் ஒரு கதை நடந்தது. 1940-களின் இறுதியிலிருந்து 1970-களின் தொடக்கம்வரை, மணமாகாத தாய்மாருக்குப் பிறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கத்தோலிக்க இல்லங்களிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்குவெய்ட் வகுத்த நிபந்தனைகளில் முதன்மையானது, வாங்கிச் செல்வோர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்பது. பங்குத்தந்தையின் சான்று வேண்டும். தாமாகப் பிள்ளைப்பேற்றைத் தவிர்ப்பவர்கள் அல்ல என்று மருத்துவரின் சான்றும் வேண்டும். குழந்தையின் ஆன்மாவுக்கு இவ்வளவு காவல். பெற்றவளின் சம்மதம் எந்த நெருக்கடியில் பெறப்பட்டது என்று பார்க்கக் காவல் இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுவிசேஷ சபைகளில் தத்தெடுப்பு ஓர் இயக்கமாகவே ஆனது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசற்ற பக்தி என்னும் பொருளில் அமைந்த யாக்கோபு நிருபத்தின் வசனம் அதன் கொடியானது. கடவுள் நம்மைச் சுவிகாரம் எடுத்தார், ஆகவே நாமும் எடுக்கவேண்டும் என்று பவுலின் நிருபங்களிலிருந்து போதகர்கள் பிரசங்கித்தார்கள். 2009-இல் தென் பாப்டிஸ்ட் சபைகளின் பேரவை தத்தெடுப்பை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நம் ஊரில் தத்து என்றதும் 'பிள்ளை இல்லாதவர்கள்' என்ற எண்ணமே முதலில் வரும். அங்கே சொந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டினரும் 'அழைப்பு' வந்ததாக நம்பி விண்ணப்பித்தார்கள்.

அப்போது மேடைதோறும் சொல்லப்பட்ட எண்ணிக்கை, உலகில் பதினான்கு கோடிக்கும் மேல் அனாதைகள் என்பது. யுனிசெஃப் கணக்கில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே குழந்தை அந்தப் பட்டியலில் வந்துவிடும். இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ வளர்பவர்கள். திக்கற்றவர்களாகத் தெரிந்த மற்றப் பன்னிரண்டரைக் கோடிக் குழந்தைகளின் பின்னால் உயிரோடு ஒரு தாயோ தந்தையோ இருந்தார்கள்.

காகிதத்தில் சுமப்பது

தத்துக்காகக் காத்திருக்கும் அமெரிக்கத் தாய்மார் இந்தக் காலத்தைக் 'காகிதக் கர்ப்பம்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை பாதி, வேதனை பாதி.

முதலில் வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், மணவாழ்க்கை, சின்ன வயதில் வாங்கிய அடி, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுவரை கேட்பார். பிறகு பிறப்பு, திருமணச் சான்றுகள், காவல்துறைச் சான்று, மருத்துவ அறிக்கை, வங்கிக் கடிதம், நண்பர்களின் பரிந்துரை. ஒவ்வொன்றுக்கும் நோட்டரி முத்திரை, அதன்மேல் அரசு முத்திரை. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கைரேகை. எல்லாம் சேர்ந்த கட்டு மொழிபெயர்க்கப்பட்டு, குழந்தை இருக்கும் நாட்டுக்குப் போகும். அங்கே பதிவான தேதியிலிருந்து உண்மையான காத்திருப்பு தொடங்கும். மொத்தச் செலவு சாதாரணமாக இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் டாலர்.

இந்தக் காகிதங்களுக்கு ஆயுள் உண்டு. கைரேகைக்குப் பதினைந்து மாதம். மருத்துவச் சான்று அதற்கு முன்பே காலாவதியாகும். ஆக, காத்திருப்பு நீண்டால் திரும்பவும் கைரேகை, திரும்பவும் இரத்தப் பரிசோதனை, திரும்பவும் சமூகப் பணியாளரின் வருகை. விரல் ரேகை ஆயுளுக்கும் மாறாது என்று பள்ளியில் படித்தவர்கள் மூன்றாம் முறையாகப் போய் அதே பத்து விரல்களைக் கண்ணாடியில் அழுத்திவிட்டு வருவார்கள்.

சீனாவில் 2005 வாக்கில் பதிவு செய்தவர்களுக்கு ஓராண்டுக்குள் குழந்தை கிடைத்தது. விண்ணப்பங்கள் பெருகி, கொடுக்கப்படும் குழந்தைகள் குறைந்தபோது வரிசை நகரவில்லை. 2006 இறுதியில் பதிவு செய்து, உடற்குறை இல்லாத குழந்தைக்காகக் காத்தவர்கள் பத்தாண்டுவரை நின்றார்கள். அமெரிக்காவுக்கு வந்த வெளிநாட்டுத் தத்துப் பிள்ளைகள் 2004-இல் ஏறத்தாழ 23,000, 2023-இல் 1,275. இடையில் ஒவ்வொரு கதவாக மூடியது. குவாத்தமாலா 2007 இறுதியில் சட்டம் மாற்றியது. அமெரிக்கர்களுக்குத் தத்துக் கொடுப்பதை 2012 டிசம்பரில் ரஷ்யா தடைசெய்தது. எத்தியோப்பியா 2018 ஜனவரியில் நிறுத்தியது. ஒவ்வொரு மூடலின்போதும் குழந்தையை ஒருமுறை நேரில் பார்த்து, மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்த சிலராவது நடுவழியில் நின்றார்கள்.

காலி அறையும் ஆயிரம் துண்டுப் படமும்

காத்திருக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிய ஒரு படம். அந்தப் படத்தை நம்பிச் சட்டை எடுப்பதில்தான் முதல் அடி விழும். ஒரு வயதுப் பிள்ளைக்கு எடுத்த சட்டை, மாதங்கள் போகப் போகச் சிறுத்துவிடும். துணி என்னவோ அப்படியே மடித்தபடிதான் இருக்கும். பிள்ளைதான் கண் காணாத இடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்த அளவு, அதற்கடுத்த அளவு என்று வாங்கி, உடுத்தாத உடுப்புகள் நிறைந்த அலமாரியைத் திறக்கவே மனம் கூசும் தாய்மார் உண்டு.

பணத்துக்குப் பலர் சபையைத்தான் நம்புகிறார்கள். பழைய சாமான் விற்பனை, டி-சர்ட் விற்பனை, விருந்து. இவற்றுள் ஒரு வழக்கம் கண்ணில் நிற்பது. ஐந்நூறோ ஆயிரமோ துண்டுகள் கொண்ட ஜிக்சா படம் ஒன்றை வாங்குவார்கள். நன்கொடை தருபவர் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்க, அவர் பெயரை அந்தத் துண்டின் பின்புறம் எழுதுவார்கள். எல்லாத் துண்டும் விற்றதும் குடும்பமே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து படத்தைச் சேர்க்கும். முன்பக்கம் படமும் பின்பக்கம் பெயர்களும் தெரியும்படி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துச் சட்டம் போட்டுக் குழந்தையின் அறையில் மாட்டுவார்கள். நீ வருவதற்கு இத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று பின்னாளில் காட்டுவதற்கு.

அழகான வழக்கம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கவேண்டும். காத்திருப்பின் நடுவில் அந்தத் தாய்க்கு ஒரு சந்தேகம் வருகிறது. நிறுவனம் அனுப்பிய இரண்டு அறிக்கைகளில் குழந்தையின் பிறந்த ஊர் வேறு வேறாக இருக்கிறது. 'பெற்றோர் தெரியவில்லை' என்ற இடத்தில் திடீரென ஒரு பாட்டி முளைக்கிறாள். இதை யாரிடம் சொல்வது? ஐந்நூறு பெயர்கள் சுவரில் தொங்குகின்றன. சபை முழுதும் இரண்டாண்டாக முழங்காலில் நிற்கிறது. பின்வாங்கினால் விசுவாசக் குறைவு என்றாகிவிடும். கேள்வி தொண்டையோடு நின்றுவிடுகிறது. பணத்தைவிடப் பெரிய கடன், மற்றவரின் ஜெபம்.

குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. தாய் மணிக்கொருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பாள். தந்தை அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே தைரியம் என்று நினைப்பார். ஒருவரின் மௌனம் இன்னொருவருக்கு அக்கறையின்மையாகப் படும். மூத்த பிள்ளை பள்ளியில் "எனக்கு ஒரு தங்கை வரப்போகிறாள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்கும் அதற்கடுத்த வகுப்புக்கும் போனபிறகும் அதையே சொல்லவேண்டியிருக்கும். நடுவில் தாய் கருவுற்றால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் பல. ஆக, வீட்டின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் முழுவதும் வேறொரு நாட்டு அலுவலக மேசையில் கிடக்கும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாலின் பாஸ் என்ற குடும்பவியல் அறிஞர் 1970-களில் 'தெளிவில்லா இழப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்து அவர் கண்டது அது. ஆள் உடலால் இல்லை, மனத்தில் இருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் அழுது முடிக்கவும் வழியில்லை. காத்திருக்கும் பெற்றோரின் நிலை இதற்கு அடுத்த வீடு. சீனா மூடியதும் அவர்களுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. தாம் பெறாத, இறக்காத, பார்க்காத பிள்ளைக்கு எப்படித் துக்கம் கேட்பது?

இந்த இடத்தில் நம்பிக்கை செய்யும் உதவியைக் குறைத்துச் சொல்லக்கூடாது. காத்திருப்புக்கு ஒரு வடிவம் கொடுப்பது அதுதான். தினமும் இரவில் படத்துக்கு முன் பிள்ளைகளை நிறுத்தி, பெயர் சொல்லி ஜெபிக்கும் வீட்டில், வராத பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கிறது. வார இறுதியில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சபைக் குடும்பங்கள் இருக்கின்றன. நம்மூரில் பிள்ளை வரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுகிறோம். வேளாங்கண்ணியிலும் கட்டுகிறோம். அந்தத் தொட்டில் ஒன்றும் செய்யாவிட்டாலும், கட்டியவளுக்கு அடுத்த ஆண்டுவரை நடக்கத் தெம்பு தருகிறது. அந்த வேலையையே அங்கே ஜெபக்கூட்டம் செய்கிறது.

ஆபிரகாமின் கூடாரத்தில் இன்னொருத்தி

காத்திருக்கும் வீடுகளில் அதிகம் வாசிக்கப்படும் கதைகள் இரண்டு. எழுபத்தைந்து வயதில் வாக்குப் பெற்று நூறு வயதில் பிள்ளை பெற்ற ஆபிரகாமின் கதை. ஆலயத்தில் அழுது சாமுவேலைப் பெற்ற அன்னாளின் கதை. இரண்டும் பொறுமையின் கதைகளாகவே சொல்லப்படுகின்றன.

ஆபிரகாமின் கதையில் ஆகாரும் இருக்கிறாள். காத்திருக்க முடியாமல் சாராள் தன் அடிமைப் பெண்ணைக் கொண்டு பிள்ளை அடையப் பார்த்தாள். கடைசியில் அந்தத் தாயும் மகனும் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமாக வனாந்தரத்தில் விடப்பட்டார்கள். மோசேயின் கதை இன்னும் நேரடியானது. நாணல் பெட்டியில் கிடந்த குழந்தையைப் பார்வோன் மகள் எடுத்துக்கொண்டாள். ஆனால் பெற்றவள் மறையவில்லை. அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க அழைக்கப்பட்டவள் பெற்ற தாயே. தத்தெடுப்பைக் கொண்டாடும் அதே நூல், பெற்றவளைக் கண்ணிலிருந்து விடுவதில்லை. மேடைப் பிரசங்கங்களில் ஆகாரும் கரையில் நின்ற அக்காவும் அரிதாகவே வருகிறார்கள்.

மற்ற மரபுகளையும் இங்கே பார்க்கவேண்டும். இஸ்லாத்தில் அனாதையைப் பேணுவது பெரும் புண்ணியம். ஆனால் வளர்ப்புப் பிள்ளையை அதன் தந்தை பெயராலேயே அழைக்கவேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. ஆகவே வம்சம் மாறும் தத்து இல்லை. 'கஃபாலா' என்ற பொறுப்பேற்பு உண்டு. பிள்ளையின் வேரை மறைக்கக்கூடாது என்று இன்றைய குழந்தை உரிமையாளர்கள் சொல்வதை அந்த மரபு பழங்காலத்திலேயே சட்டமாக்கியிருக்கிறது. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது.

இந்து மரபில் தத்து நீண்ட காலம் ஆண்பிள்ளைக்கானது. வம்சம் தொடரவும் நீர்க்கடன் செய்யவும். பெற்றவர் தம் கையால் கொடுக்க, பெறுபவர் வாங்குவது அதன் உயிர்நாடி. யார் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். மறுபக்கம், திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிக்கடியில் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்த கதையும் நம்முடையதுதான்.

இந்தியச் சட்டம் இந்த மத வேலிகளை மெதுவாகத்தான் தாண்டியது. 1956-இன் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி குடும்பங்கள் நெடுங்காலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. வெளிநாட்டார் இந்தியக் குழந்தைகளைக் கொண்டுபோனதும் அந்த வழியில்தான். இளைஞர் நீதிச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. எந்த மதத்தவரும் அதன்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கடலுக்கு அப்பால்

இனி காத்திருப்பின் மறுகரை. வேகம் எங்கே அதிகமோ அங்கே தாய்மார் காணாமல் போனார்கள் என்பதே இந்த வரலாற்றின் பாடம்.

குவாத்தமாலாவில் நீதிமன்றம் இல்லாமல், தனியார் வழக்கறிஞர்களே தத்தை முடித்துவைக்கும் முறை இருந்தது. வரிசை குறைவு, குழந்தை சின்னது, காத்திருப்பு சில மாதங்கள். 2007-இல் ஏறத்தாழ ஐயாயிரம் குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அந்த நாட்டில் பிறக்கும் நூறில் ஒன்று. கடத்தப்பட்ட, விலைபேசப்பட்ட குழந்தைகளின் கதைகள் பின்னாலேயே வந்தன. ஹைத்தியில் 2010 ஜனவரி 12-இல் பூகம்பம். அந்த மாத இறுதியில் பெரும்பாலும் ஐடஹோ மாநில பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் முப்பத்து மூன்று குழந்தைகளுடன் எல்லையில் பிடிபட்டார்கள். கடவுளின் அழைப்பாகவே நம்பிப் போனவர்கள். குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது.

கொரியாவிலிருந்து எழுபது ஆண்டுகளில் போன குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு லட்சம். 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பெற்றோர் இருக்கும் குழந்தைகளை அனாதைகள் என்று பதிந்ததும், ஒரு குழந்தையின் காகிதத்தில் வேறு குழந்தையை அனுப்பியதும் நடந்தன என்று கண்டறிந்து, அரசையே பொறுப்பாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு அருகிலும் நடந்தது. 1980-களை மையமாகக் கொண்டு இலங்கையிலிருந்து சுமார் பதினோராயிரம் குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்களை நிறுத்திய வழக்கம் பின்னாளில் வெளிவந்தது. வளர்ந்து பெரியவர்களாகித் திரும்பி வந்து, பெற்றவள் என்று கட்டிப்பிடித்து அழுத பெண்ணுக்கும் தமக்கும் மரபணு பொருந்தவில்லை என்று அறிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னைக் குடிசைப் பகுதிகளில் 1990-களின் இறுதியில் காணாமல் போன சில குழந்தைகள் போலிக் காகிதத்துடன் வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருந்ததை 2005-இல் காவல்துறை விசாரணை வெளிக்கொணர்ந்தது. அந்தப் பெற்றோர் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நல்ல குடும்பம் 'தடை நீங்கட்டும்' என்று ஜெபித்திருக்கும். இருவர் ஜெபத்தையும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க முடியாது.

நம் நாட்டில் காவல் வந்த விதமும் சொல்லவேண்டியது. வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளைச் சொல்லி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்று 1984-இல் நீதிபதி பகவதி அமர்வு விரிவான விதிகளை வகுத்தது. முதலில் உள்நாட்டில் வீடு தேடவேண்டும், பிறகே வெளிநாடு என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. 1993-இன் ஹேக் உடன்படிக்கை அதையே உலக விதியாக்கியது. இந்தியா அதை 2003-இல் ஏற்றது. முதலில் ஏற்றவற்றுள் இலங்கை ஒன்று. மத்திய தத்துவள ஆணையமான 'காரா'வின் வரிசையில் இன்று நிற்பவர் சலித்துக்கொள்ளும் தாமதத்தில் ஒரு பகுதி, யாரோ ஒரு தாயைத் தேடிப்பார்க்கும் நேரம்.

குழந்தையின் நாள்காட்டி

இவ்வளவு சொன்னபின், எல்லாத் தாமதமும் நல்லது என்று முடித்துவிட முடியாது. குழந்தைக்கு வேறொரு நாள்காட்டி இருக்கிறது.

சௌஷெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின் ருமேனியக் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப்போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குப் பாதிப்பு நீண்டது. 2000-க்குப் பிறகு புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்களே அதிகம் மீண்டார்கள். முதலிரண்டு ஆண்டில் ஒரு மாதம் என்பது குழந்தைக்கு ஒரு மாதம் அல்ல.

இதையும் பொருட்படுத்தாத காத்திருப்பு உண்டு. 2013 செப்டம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசு, தத்துப் பிள்ளைகள் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியை நிறுத்தியது. நீதிமன்றத் தீர்ப்பு முடிந்து, சட்டப்படி வேறொருவரின் பிள்ளையாகிவிட்ட குழந்தைகளும் அங்கேயே நின்றார்கள். தேக்கம் கலைய 2016 ஆனது. ஒவ்வொரு குழந்தையையும் விசாரித்திருந்தால் அது காவல். ஒட்டுமொத்தமாகப் பூட்டிவைத்த காலத்தின் பெரும்பகுதி வெறும் காலம்.

ஆக, காத்திருப்பில் இரண்டு வகை நாட்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தேடும் நாட்கள்: தாய் உயிரோடு இருக்கிறாளா, சம்மதம் அவளுடையதா, உறவில் வளர்க்க யாருமில்லையா, சொந்த நாட்டில் வீடு இல்லையா என்று ஒருவர் நடந்து போய்க் கேட்கும் நாட்கள். மற்றொன்று, கோப்பு தூங்கும் நாட்கள். முதல் வகையைச் சுருக்கினால் தாய்க்குத் துரோகம்; இரண்டாம் வகையைச் சகித்தால் பிள்ளைக்குத் துரோகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'எல்லாம் கர்த்தருடைய வேளை' என்று சொல்லிவிடும் நம்பிக்கை இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுக்கிறது. 'தடைகளெல்லாம் சாத்தானின் வேலை' என்பதும் அதே தவறுதான், எதிர்த் திசையில்.

கடைசியாக

நம்மூரில் பிள்ளைகளைச் சீண்ட "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்வோம். பிள்ளை அழும், உடனே அணைத்துக்கொள்வோம். பெற்ற பிள்ளையிடம் மட்டுமே சொல்லக்கூடிய கேலி அது. தத்து வந்த பிள்ளை ஒருநாள் அதே கேள்வியைக் கேலியின்றிக் கேட்கும்: என்னை எப்படி வாங்கினீர்கள்? அன்று சுவரில் தொங்கும் ஐந்நூறு பெயர்கள் பதில் ஆகாது. பெற்றவளின் பெயரும், அவள் ஏன் கொடுத்தாள் என்பதும், அதை நாங்கள் எப்படி விசாரித்தோம் என்பதும்தான் பதில்.

அந்தப் பதிலைத் தேடிவைப்பதற்கான காலம் காத்திருப்புக் காலம்தான். பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் எல்லோருக்கும் பயம்தான் மிஞ்சும். இன்று இந்தியாவிலோ, வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்தோ தத்தெடுக்கக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, வேண்டிக்கொள்ளுங்கள், தொட்டிலும் கட்டுங்கள். கூடவே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பெற்றவரைத் தேடியது யார், எப்போது, எங்கே. குறுக்குவழி காட்டுபவரிடம் போகாதீர்கள். பதில் ஒட்டாவிட்டால், ஊரே உங்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தாலும், நிறுத்துங்கள்.